சொட்டாத எஞ்சின்

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. எனக்குச் சொன்னவர் ரஃபீக் பாயின் மருமகன். அவருக்குச் சொன்னது ரஃபீக் பாய். ஆகவே பேச்சுகள் எல்லாம் அட்சரம் பிசகாமல் இப்படியேதான் நடந்தன என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

"மாஸ்டர், நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?"

நாச்சிமுத்து பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்டது அதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

கையில் ஒரு பிஸ்டன்; அதைக் கழற்றிய எஞ்சின் வாசலில் கிடந்தது. அதன் ஒரு பக்கம் உரிந்து, மெழுகு வழிந்து இறுகியது மாதிரி இருந்தது. முழங்கையில் புதுசாகக் கட்டுப் போட்டிருந்தார். 

"கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவுங்க. நல்லாத்தான் ஏறிட்டு இருந்துச்சு. கிரீச்சுன்னு ஒரு சத்தம். பின் சக்கரம் அப்படியே நின்னு போச்சு. வண்டி என்னைய இருபதடிக்கு இழுத்துட்டுப் போயிருச்சு."

ஜெசிந்தா பிஸ்டனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது ரெண்டாவதுங்களா சார்?"

"ரெண்டாவதுங்க."

ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு வயது. நாச்சிமுத்துவுக்கு அறுபத்தொன்று. கோயம்புத்தூர் கணபதியில் இருந்த அந்தப் பட்டறையில் இது யாருக்கும் விசித்திரமாகப் படாது. நூறு வருஷத்து மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு உயிர் கொடுக்கத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் ஜெசிந்தா ஒருவர்தான். நரைத்த மீசைக்காரர்கள் அவர் முன்னால் கைகட்டி நிற்பார்கள்.

அவரிடம் சீடராகச் சேர ஒரே ஒரு நிபந்தனை. தன் கையால் கோத்த எஞ்சினில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ஏறிவிட்டு வர வேண்டும்.

ரஃபீக் மூன்று வருஷம் முன்பே ஏறிவிட்டார். உக்கடத்தில் லாரிக்கு பாடி கட்டுகிறவர். மூலையில் உட்கார்ந்து ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார்.

"ஏனுங்க இன்ஜினியர் சார், இதுக்கும் பதினாறாம் நாள் காரியம் உண்டுங்களா? சாப்பாடு எங்க?"

நாச்சிமுத்து சிரிக்கவில்லை.

"மாஸ்டர், உலகத்துல ஓடுற நிலைமையில இருந்த தார்ன்பி எஞ்சின் மொத்தமே ஆறுங்க. எனக்குத் தெரிஞ்சு. அதுல மூணு என் கையில. இப்ப ரெண்டு போச்சு. மூணாவதுல போட்டிருக்கறது என்கிட்ட இருந்த கடைசிப் பிஸ்டன். அதுவும் போச்சுன்னா, என் கையால மூணைக் கொன்னவன் ஆயிருவேன்."

தார்ன்பி என்பது இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் செய்த சின்னக் கம்பெனி. அண்ணன் தம்பி இரண்டு பேர் 1911இல் தொடங்கினார்கள். 1924இல் மூடினார்கள். நாச்சிமுத்துவுக்கு அந்தக் கம்பெனியின் கதை தலைகீழ்ப் பாடம். எந்த வருஷம் எந்த வால்வு மாறியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"மூணாவதைக் கோத்துட்டீங்களா?" என்றார் ஜெசிந்தா.

"கோத்துட்டேன். ஓட்டத்தான் பயமா இருக்குங்க."

"ஞாயித்துக்கிழமை காலையில ஓட்டிக்கிட்டு வாங்க. மெதுவா வாங்க."

*

ஞாயிறு பத்து மணிக்கு வந்தார். சௌரிபாளையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். வண்டி கண்ணாடி மாதிரிப் பளபளத்தது.

அந்தப் பட்டறையில் எந்த வண்டி வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். எஞ்சினை ஓட விட்டு, அடியில் செய்தித்தாள் விரிப்பார்கள். எங்கே சொட்டுகிறது, எப்படிச் சொட்டுகிறது என்று பார்ப்பார்கள். வேறு எதையும் அதற்குப் பிறகுதான் தொடுவார்கள்.

ஜெசிந்தா தன் வண்டியையும் பக்கத்தில் நிறுத்தி ஓட விட்டார். அதுவும் தார்ன்பி காலத்து வண்டி. வேறு கம்பெனி. அதன் அடியிலும் ஒரு தாள் விரித்தார்.

பத்து நிமிஷம் இரண்டும் ஓடின.

ஜெசிந்தாவின் வண்டிக்கு அடியில் இருந்த தாளில் முழுப்பக்க நகைக்கடை விளம்பரம். கழுத்து நிறைய மாலை போட்டிருந்த பெண்ணின் முகம் எண்ணெயில் காணாமல் போயிருந்தது.

நாச்சிமுத்துவின் தாளில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

அவருக்கு மார்பு விரிந்தது. குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் அவர் பார்த்த வேலை கசிவு பிடிக்கிற வேலை. இரும்புக் கம்பியை ரோட்டில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தார் என்றால், ஆறடிக்குக் கீழே குழாய் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார்.

"பாத்தீங்களா மாஸ்டர்? நம்ம கையில வந்துட்டா ஒரு சொட்டு வெளிய போகாதுங்க."

ஜெசிந்தாவின் முகம் வெளுத்துப்போனது.

"அணைங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுங்களே..."

"சார், அணைங்க!"

அவர் குரல் உயர்ந்து அதுவரை ரஃபீக்கே கேட்டதில்லை. நாச்சிமுத்து பதறிப்போய் அணைத்தார்.

"வர்ற வழியில எண்ணெய்ப் பம்பை எத்தனை தடவை அழுத்துனீங்க?"

அந்தக் காலத்து வண்டியில் எண்ணெய் டேங்க்கின் மேல் ஒரு கைப்பம்பு இருக்கும். போகிற போக்கில் ஓட்டுகிறவரே அதை அழுத்தி எஞ்சினுக்கு எண்ணெய் விட வேண்டும்.

"அழுத்தலைங்க."

"ஒரு தடவைகூட?"

"கோத்த அன்னைக்கு உள்ள கால் லிட்டர் ஊத்துனேன். வீட்டுலயே நாலு நாள் ஓட விட்டுப் பாத்தேன். ஒரு சொட்டு வெளிய போகலைங்க. போகாத எண்ணெய்க்கு மறுபடி எதுக்கு எண்ணெய்?"

ஜெசிந்தா தரையில் மண்டி போட்டு எஞ்சினின் அடிவயிற்றைத் தடவினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. அங்கே ஒரு பித்தளைத் திருகு இருந்தது. நகக்கண் அளவு. அழகாகக் கடைந்தது.

"இது என்னங்க?"

"நான் கடைஞ்சதுதாங்க. அந்த ஓட்டை வழியாத்தான் எண்ணெய் பூரா வெளிய போய்க்கிட்டு இருந்துச்சு. அடைச்சுட்டேன்."

"முதல் ரெண்டு எஞ்சின்லயும் இது இல்லையே. என்கிட்டக் கொண்டு வந்தப்ப நான் பாக்கலையே."

"இதே திருகுதாங்க. ஒண்ணுதான் கடைஞ்சேன். எஞ்சின் போனதும் கழட்டி அடுத்ததுக்குப் போட்டுக்குவேன்."

 

ஜெசிந்தா எழுந்து போய் ஓர் எவர்சில்வர் டம்ளர் எடுத்து வந்தார். அடியில் பிடித்து, எண்ணெய் இறக்கும் மூடியைத் திறந்தார்.

முதலில் எதுவும் வரவில்லை.

பிறகு தார் மாதிரி ஏதோ வந்தது. மெதுவாக. ஒரு ஸ்பூன் இருக்கும். அவ்வளவுதான்.

நாச்சிமுத்து டம்ளரை எட்டிப் பார்த்தார். எஞ்சினுக்கு அடியில் பார்த்தார். செய்தித்தாளைத் தூக்கி அதன் மறுபக்கத்தையும் பார்த்தார்.

"கால் லிட்டர் மாஸ்டர். அளந்து ஊத்துனேன். மீதி எங்கீங்க?"

"பெட்ரோலோட சேந்து எரிஞ்சு புகையாப் போச்சுங்க."

"அடைச்சேனே?"

"போற எண்ணெய் போய்க்கிட்டேதான் இருந்துச்சு சார். உங்க கண்ணுக்குத் தெரிஞ்ச வழியை மட்டுந்தான் அடைச்சீங்க."

நாச்சிமுத்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அந்த ரெண்டும்..." என்றார்.

ஜெசிந்தா டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தார்.

*

ஆனாலும் அவரால் விட முடியவில்லை. படித்த மனுஷன். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பழைய விளம்பரத்தின் நகல்.

"நானா ஒண்ணும் கற்பனை பண்ணலைங்க. கம்பெனியே செஞ்சதுதான். இருபத்திரண்டாம் வருஷத்து மாடல். பாருங்க: சுத்தமான எஞ்சின், உங்க வீட்டு முற்றத்துல கறை படியாதுன்னு போட்டிருக்கான். அதுக்கு முன்னாடி வாங்குனவங்க எல்லாம் ஒழுகுது ஒழுகுதுன்னு கடிதம் எழுதியிருக்காங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் உக்காந்து சரி பண்ணியிருக்காங்க. தார்ன்பி செஞ்சதுலயே உசந்தது அதுதாங்க. நான் கட்டுரையே எழுதியிருக்கேன்."

"அந்த மாடலை நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க. உலகத்துல ஒண்ணுகூட மிச்சமில்ல. ரொம்பத் தேடிட்டேன்."

"ஏன் மிச்சமில்ல?"

"நல்ல எஞ்சினுங்களே. ஆளாளுக்கு ஓட்டி ஓட்டித் தேச்சிருப்பாங்க."

 ஜெசிந்தா பின்பக்க அறைக்குள் போய், ஒரு மரப்பெட்டியைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தார்.

"வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்ல பழைய இரும்போட கிடந்துச்சு. போன வாரந்தான் வந்து சேந்துச்சு. இன்னும் கழுவக்கூட இல்லை."

சாக்கை விலக்கினார்.

உள்ளே ஓர் எஞ்சின். நாச்சிமுத்து பக்கவாட்டில் பொறித்திருந்த எழுத்தை விரலால் துடைத்தார். தார்ன்பி. கீழே மாடல் எண். இருபத்திரண்டு.

"மாஸ்டர்... இது... இது இருக்குதுங்களா!"

"புரட்டிப் பாருங்க."

புரட்டினார். அடிவயிற்றில், அவருடைய எஞ்சினில் ஓட்டை இருந்த அதே இடத்தில், ஒரு பித்தளைத் திருகு. நகக்கண் அளவு. தலையில் கம்பெனி முத்திரை.

அவர் அதை மெதுவாகக் கழற்றினார். தன் வண்டியிலிருந்து தன்னுடையதையும் கழற்றினார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, எதற்கென்று தெரியாமலே, தன்னுடைய திருகை அந்த எஞ்சினில் வைத்துத் திருப்பினார்.

மரை சிக்காமல் உள்ளே போனது. கடைசிச் சுற்று வரை.

சுட்டது போலக் கையை எடுத்துக்கொண்டார்.

"இது சுத்துதுங்களா?" என்றார். 

ஜெசிந்தா இரண்டு கையாலும் எஞ்சினின் பக்கவாட்டுச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒன்றாக உருகியிருந்தது.

"எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்?"

ஜெசிந்தா டார்ச்சை அவரிடம் கொடுத்தார். "பிளக் ஓட்டை வழியா சிலிண்டருக்குள்ள பாருங்க."

பார்த்தார். சிலிண்டரின் சுவரில் மெல்லிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாக. கம்பெனியில் கடையும்போது விழுந்த கோடுகள். ஓடிய எஞ்சினில் அவை தேய்ந்து மறைந்துவிடும். இதில் நேற்றுக் கடைந்தது போல இருந்தன.

"ஓடவே இல்லீங்களே," என்றார்.

"இல்லீங்க."

"எல்லா வண்டியும் இப்படித்தானா?"

"ஒண்ணுகூட மிச்சமில்லைன்னு நீங்கதான சொன்னீங்க."

நாச்சிமுத்து விளம்பரத்தின் நகலை எடுத்தார். நான்காக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்கு மேல் மடிய மறுத்தது. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் தம்பி கடைசி வரைக்கும் இதைக் கண்டுபிடிச்சிருப்பாங்களா மாஸ்டர்?" என்று கேட்டார்.

"தெரியலைங்க."

ரஃபீக் எழுந்து வந்தார். அவர் கையில் ஒரு புது எண்ணெய் டப்பா. கேலி பேசாமல் அதை நாச்சிமுத்துவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

நாச்சிமுத்து எழுந்தார். இறக்கும் மூடியைப் பூட்டினார். திருகு எடுத்த ஓட்டையை அப்படியே விட்டார். எண்ணெய் டேங்க்கை நிரப்பினார்.

"எத்தனை தடவை அழுத்தணும் மாஸ்டர்?"

"ஓட்டுறப்ப அடிக்கடி பின்னாடி திரும்பிப் பாருங்க."

"எதுக்குங்க?"

"பாருங்க."

நாச்சிமுத்து உதைத்துக் கிளப்பினார். பம்பை அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார். பட்டறை புகையில் நிறைந்தது. ரஃபீக் இருமத் தொடங்கினார்.

எஞ்சினின் அடியில் ஒரு சொட்டு திரண்டது.

நாச்சிமுத்துவின் வலது கை தானாகக் கீழே போனது, கட்டைவிரலை நீட்டிக்கொண்டு, அந்த ஓட்டையைப் பொத்த. பாதி வழியில் நின்றது. 

சொட்டு தாளில் விழுந்தது.

*

அடுத்த ஞாயிறு அவர் குன்னூர் ஏறினார். பின்னால் வேனில் போன ரஃபீக், பர்லியாறு வருவதற்குள் முன் கண்ணாடியில் படிந்த எண்ணெயை மூன்று தடவை துடைத்தாராம்.

பிறகு நான் சரிபார்த்தது ஒன்றுதான். தார்ன்பி கம்பெனியின் கையேடு எனக்குக் கிடைக்கவில்லை. அதே காலத்து வேறு கம்பெனிகளின் கையேடுகள் மூன்றைத் தேடிப் படித்தேன். எத்தனை மைலுக்கு ஒரு தடவை பம்பை அழுத்த வேண்டும் என்பதில் மூன்றும் மூன்று கணக்குச் சொல்கின்றன. இரண்டில் மட்டும் ஒரு வரி பொதுவாக இருக்கிறது: வண்டி ஓடும்போது பின்னால் மெல்லிய நீலப் புகை தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.