தல்கீன் சொல்பவரின் அலுப்பு

"ஷெய்கே, என்னை இந்த வேலையிலேர்ந்து விட்டுடுங்க," என்றார் மீராசா லெப்பை.

ஷெய்கு அசர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு?"

"அலுத்துப்போச்சு."

அலுக்காமல் என்ன செய்யும்? மையவாடியின் புதைகுழிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தன. நடுவில் இறைநேசரான ஒரு வலியுல்லாவின் அடக்கத்தலம். அவருக்குப் பக்கத்தில் அடங்கினால் கபர்க்குழிக்குள் வரும் கேள்விகள் லேசாகும் என்று நம்பி, எங்கெங்கிருந்தோ இறந்தவர்களின் மையத்துகளைக் கொண்டுவந்தார்கள். இன்னும் இரண்டு முழம் பக்கத்தில் வேண்டும் என்று சண்டை வேறு.

அடக்கியவர்கள் திரும்பிப் போனதும் மலக்குகள் என்னும் வானவர்கள் வருவார்கள். உன் இறைவன் யார் என்று கேட்பார்கள். அதற்குள் லெப்பை தலைமாட்டில் உட்கார்ந்து, இறந்தவரைத் தாயின் பெயரோடு சேர்த்து அழைத்து, பதிலைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். அதுதான் தல்கீன்.

"இன்னைக்குத் தப்பு பண்ணிட்டேன்," என்றார் லெப்பை. "மைமூன்னு ஒரு பொண்ணு. காலையில அடக்குன வேற மையத்தோட உம்மா பேரைச் சொல்லி இவளைக் கூப்பிட்டுட்டேன்."

"யாரும் கவனிச்சாங்களா?"

"இல்ல. எனக்கே சோறு திங்கும்போதுதான் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"சோத்தைத் தின்னு முடிச்சேன்."

லெப்பை தலையைக் குனிந்துகொண்டார்.

"உறுத்தவே இல்ல, ஷெய்கே. அதுதான் பயமா இருக்கு. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்குற பதில் எனக்குள்ள இருக்கான்னே தெரியல."

ஷெய்கு எழுந்தார். "வாங்க."

வெயில் இன்னும் தணியவில்லை. மைமூனை அடக்கிய புது மண்ணின் மேல் தெளித்த தண்ணீர் காய்ந்திருந்தது. ஷெய்கு தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"இவ உம்மா பேரு?"

"ஆசியா."

"உங்க உம்மா பேரு?"

லெப்பை திகைத்தார். அவரிடம் அதை யாரும் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"செய்யிதம்மா."

ஷெய்கு மண்ணின் பக்கம் குனிந்தார்.

"ஆசியா மகள் மைமூனே. உன் தலைமாட்டுல செய்யிதம்மா மகன் மீராசா நிக்கிறாரு. அவருக்குப் பதில் மறந்துபோச்சு. நீ சொல்லிக்கொடும்மா."

எழுந்து கைலியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

லெப்பை அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஷெய்கே, என்னைத் தனியா விட்டுட்டுப் போறீங்களே."

ஷெய்கு திரும்பிப் பார்க்கவில்லை.

"நாங்க போனாத்தானே அவங்க வருவாங்க."