முகம் திரும்பும் இடம்

"சாமி, இந்தக் கத்தி என்னை வெட்டிக்கிட்டே இருக்கு."

பூவராகன் வந்து நின்றதும் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கும்பிடுகூட அப்புறம்தான் போட்டார்.

குன்றின் பாதி உயரத்தில் ஒரு சுனை. சுனைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை. அதில் சாமி தனியாக இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. முன்பு ஒரு மலைக்கோயிலில், முடிக்காணிக்கை மண்டபத்தில் மொட்டை அடிக்கிற வேலை பார்த்தவர். ஒரு நாள் அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். ஏன் என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

பூவராகனுக்கு அறுபத்தொன்று. தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமியைவிட இருபது வயது மூத்தவர் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. கத்தி தெரிந்த ஆள் என்று யாரோ சொன்னார்கள், வந்துவிட்டார்.

சாமி அவர் முகத்தைப் பார்த்தார். நான்கு பிளாஸ்திரி. நான்கும் வலது தாடைக்குக் கீழே, ஒரே இடத்தில்.

"மத்த இடத்தையெல்லாம் விட்டுடுச்சா?"

"அங்க மட்டும்தான் சாமி வெட்டுது."

"நல்ல கத்திதான். கொள்கையோட இருக்கு."

பூவராகன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

"கடையில ஷேவிங் செட் விக்குது அய்யா. சின்னப் பசங்களே வெட்டிக்காம ஷேவ் பண்ணிக்கிறாங்க" என்றார் சாமி.

"எனக்கு இந்தக் கத்திதான் வேணும்."

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். கறுப்புப் பிடி. அதற்குள் மடங்கிக் கிடக்கும் பழைய சவரக்கத்தி.

"யாரோடது?"

"கலியமூர்த்தியோடது."

"யார் அவரு?"

"எங்க ஊர்ல சலூன் வச்சிருந்தாரு. இருபத்திரண்டு வருஷம் அவருதான் எனக்கு ஷேவ் பண்ணுனாரு. ஞாயித்துக்கிழமை காலைல ஏழரைக்குப் போயிடுவேன்."

"இப்ப?"

"மாசி மாசம் போயிட்டாரு. மாரடைப்பு. கடையை மூடிட்டாங்க. அவரு சம்சாரம் என்னைக் கூப்பிட்டு இதைக் கையில குடுத்தாங்க. மத்தவங்களுக்கெல்லாம் பிளேடு மாத்துற கத்தி, எனக்கு மட்டும் இது. 'இது உங்க கத்திங்க, வேற யாருக்குத் தர்றது'ன்னாங்க."

"அதை வீட்டுல பத்திரமா வச்சுக்கலாமே. ஏன் ஷேவ் பண்ணணும்?"

பூவராகன் சுனைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் இருந்தால்தானே.

"என் வீட்டுக்காரி போயி பதினாறு வருஷம் ஆச்சு. பிள்ளைங்க இல்லை. ஆபீஸ்ல வணக்கம் வைப்பாங்க, அதோட சரி. இந்தப் பதினாறு வருஷத்துல என் முகத்தைத் தொட்ட கை அவரு கை ஒண்ணுதான் சாமி. கத்தி கன்னத்துல படுறப்போ அவரு பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு. இதையும் பெட்டியில போட்டு மூடிட்டா எனக்குன்னு யாரும் இல்லை."

சாமி ஆறுதல் சொல்லவில்லை. அது அவருக்கு வராது.

"ஒரு வாரம் தங்குங்க" என்றார்.

முதல் நாள் சாமி தோல் வாரைப் புங்க மரத்தில் கட்டி, மறு நுனியைப் பூவராகன் கையில் கொடுத்தார்.

"இதுல தீட்டுங்க. முதுகு முன்னால போகணும், கூர் பின்னால வரணும். திருப்புறப்போ முதுகு மேலயே உருட்டித் திருப்பணும். அறுபது தடவை."

இருபதாவது தடவையில் பூவராகன் தோல் வாரைக் கீறிவிட்டார். சாமி பார்த்தும் பார்க்காதவர் மாதிரி அரிசி களைந்தார்.

"ஷேவ் எப்ப சாமி?"

"தாடி எங்கயும் ஓடிப்போகாது."

இரண்டாம் நாள் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். பிரஷ்ஷால் நுரை எழுப்பச் சொன்னார். ஒரு சின்னக் கண்ணாடியை மரத்தில் மாட்டினார்.

"கத்தியைக் கொஞ்சம் சாய்ச்சுப் படுக்க வைங்க. நிமிந்தா வெட்டும். அழுத்தாதீங்க, கத்தியோட கனமே போதும். இன்னொரு கையால தோலை இழுத்துப் பிடிங்க. முடி எந்தப் பக்கமா வளருதோ அந்தப் பக்கமே போங்க."

பூவராகன் கத்தியை எடுத்தார். கத்தி கன்னத்தில் இறங்கியது. ஒரு கன்னம், மறு கன்னம். ஒரு கீறல் இல்லை. உற்சாகமாகித் தாடைக்குப் போகப் பார்த்தார்.

சாமி கத்தியை வாங்கி மடக்கினார்.

"இன்னிக்குக் கன்னம் மட்டும்."

பாதி மழித்த முகத்தோடு பூவராகன் அன்று முழுக்கத் திரிந்தார். பார்க்க ஆள் இல்லாததால் வெட்கம் இல்லை. பார்க்க ஆள் இல்லையே என்பதுதான் வலித்தது.

மூன்றாம் நாள் பிளாஸ்திரிகளை எடுத்துவிட்டுத் தாடை. சாமி எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் கத்தியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்.

கத்தி காதுக்குக் கீழே தொடங்கி வலது தாடையில் இறங்கியது. நன்றாகத்தான் போனது. தாடை முடிகிற இடம் வந்ததும் பூவராகனின் முகம் தானாக மறுபக்கம் திரும்பியது. கத்தி அங்கேயே இருந்தது. நுரை சிவந்தது.

"பாத்தீங்களா சாமி, அதே இடம்."

"யாரு உங்களைத் திரும்பச் சொன்னது?"

"நான் திரும்புனேனா?"

"திரும்புனீங்க."

பூவராகன் கண்ணாடியைப் பார்த்தார். முகம் இன்னும் திரும்பியே இருந்தது. அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"கலியமூர்த்தி ஒரு நாளும் வாயைத் திறந்து 'திரும்புங்க'ன்னு சொன்னதில்லை சாமி. அந்த இடம் வந்ததும் சுண்டுவிரலால தாடையில ஒரு தட்டு தட்டுவாரு. நான் திரும்பிக்குவேன்."

"இப்பத் தட்டுனாரா?"

"தட்டுன மாதிரிதான் இருந்துச்சு."

சாமி படிகாரக் கட்டியை நனைத்துக் கொடுத்தார். காயத்தில் வைத்ததும் எரிந்தது.

பூவராகன் பிடிவாதக்காரர். தாலுகா ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் தாக்குப் பிடித்தவர் வேறு எப்படி இருப்பார். இனித் திரும்பக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார். நான்காம் நாள் காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்தைக் கல்தூண் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கத்தி இறங்கியது. அந்த இடம் வந்தது. முகம் அசையவில்லை. கத்தி கழுத்துக்குப் போனது, மறுபக்கம் ஏறியது, முடிந்தது.

ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

முகத்தைக் கழுவினார். கண்ணாடியில் பளிச்சென்று ஒரு முகம் தெரிந்தது. பூவராகன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சுனைக்கரையில் குந்தி உட்கார்ந்து அழுதார்.

சாமி வந்து நின்றார்.

"எங்கயும் வெட்டலையே அய்யா. ஏன் அழுவுறீங்க?"

"தட்டு வரலை சாமி."

"வராது."

"இவ்வளவு நாளும் வந்துச்சே."

"அவரு போயிட்டாரு அய்யா."

இதைச் சாமி சாதாரணமாகச் சொன்னார், மழை நின்றுவிட்டது என்பதுபோல. பூவராகனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் நான் இந்தக் குன்றுல ஏறி வந்தேனா? அது எனக்குத் தெரியாதா? தூக்குனவங்கள்ல நானும் ஒருத்தன் சாமி. வெட்டினா வெட்டிட்டுப் போகட்டும். அந்த ஒரு தட்டுக்காகத்தான் நான் தினமும் முகத்தைக் கொடுத்துக்கிட்டிருந்தேன். அதையும் நீங்க எடுத்துட்டீங்க."

சாமி குனிந்து பிரஷ்ஷைக் கழுவினார்.

பூவராகன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. விறுவிறுவென்று இறங்கினார்.

அடிவாரத்தில் புளியமரத்தின் கீழ் பஸ் நிற்கும். பகல் இரண்டு மணி பஸ். அதுவரை அவர் மரத்தடியில் நின்றார். வீட்டுக்குப் போனால் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். பூட்டைத் திறக்க வேண்டும். விளக்கு போட வேண்டும். சோற்றை ஒரு ஆளுக்கு வடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்குப் போக இடம் இல்லை.

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தார். வழக்கம்போல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காலியாக இருந்தது.

"பெரியவரே, ஏறுறீங்களா இல்லையா?" என்றார் கண்டக்டர்.

"கத்தியை மேலயே விட்டுட்டேன்."

கண்டக்டர் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விசில் அடித்தார். பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது.

பூவராகன் மறுபடி ஏறினார். இறங்கும்போது இருந்த வேகம் இப்போது இல்லை. இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

மேலே வந்தபோது சாமி சுனைக்கரையில் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். கையில் அவருடைய சொந்தக் கத்தி. கண்ணாடி இல்லை. யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். பூவராகன் புங்க மரத்தருகே நின்றுவிட்டார்.

சாமியின் கத்தி கன்னத்தில் இறங்கியது. தாடைக்கு வந்தது. தாடை முடிகிற இடத்தில் நின்றது. சாமி கத்தியை முகத்திலிருந்து எடுத்து, கையை நன்றாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பிறகு இடது கைச் சுண்டுவிரலால் தன் தாடையில் மெதுவாக ஒரு தட்டு தட்டினார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம்தான் கத்தி மறுபக்கம் போனது.

பூவராகன் நின்ற இடத்திலேயே நின்றார். இந்தக் குன்றில் இத்தனை வருஷம் ஒற்றை ஆளாக இருக்கிற மனிதர் இவர் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. நாலு நாள் கூடவே இருந்தும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் துக்கத்தையே பேசிக்கொண்டிருந்துவிட்டோம் என்று கூச்சமாக இருந்தது.

சாமி முகத்தைக் கழுவும்வரை காத்திருந்து முன்னே வந்தார்.

"உங்களையும் ஒருத்தர் தட்டுறாரா சாமி?"

சாமி திடுக்கிடவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எங்க அப்பா. ரெண்டு பேரும் ஒரே மண்டபத்துல வேலை பாத்தோம். காலைல நடை திறக்கிறதுக்கு முன்னாடி அவரு எனக்கு மழிச்சு விடுவாரு, நான் அவருக்கு மழிச்சு விடுவேன்."

"இப்ப எங்க இருக்காரு?"

"இல்லை. ஒன்பது வருஷம் ஆச்சு."

பூவராகன் சாமிக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தார். கலியமூர்த்தியின் கத்தி அங்கேயே, துடைத்து மடக்கி, கைக்குட்டையின் மேல் இருந்தது.

"எனக்கு வெட்டுச்சு. உங்களுக்கு மட்டும் ஏன் சாமி வெட்டலை?"

"கலியமூர்த்தி உங்களைத் தட்டுறப்போ கத்தி எங்க இருக்கும்?"

பூவராகன் யோசித்தார். நாற்காலி ஞாபகம் இருந்தது. சோப்பு வாசனை ஞாபகம் இருந்தது. அந்த விரல் எவ்வளவு சில்லென்று இருக்கும் என்பதுகூட ஞாபகம் இருந்தது. கத்தி எங்கே இருந்தது என்பது மட்டும் தெரியவில்லை.

"தெரியாது சாமி. நான் எப்பவும் கண்ணை மூடிக்கிட்டுதான் உட்கார்ந்திருப்பேன்."

"எடுத்துட்டுத்தான் தட்டுவாங்க அய்யா. கத்தியை முகத்துல வச்சுக்கிட்டு யாரும் தட்ட மாட்டாங்க."

பூவராகன் தன் தாடையைத் தடவினார். காலையில் மழித்தது. வழவழவென்று இருந்தது. அடுத்த தட்டுக்கு நாளைக் காலை வரை பொறுத்திருக்க வேண்டும்.