வேலியை மேய்ந்த புள்ளிச்சி

ஒரு மேய்ச்சல் காட்டில் புள்ளிச்சி என்ற வெள்ளாடு தன் இரண்டு குட்டிகளோடு இருந்தது. மூத்தது கருவாயன், இளையது வெள்ளைக்காலி. குட்டிகள் என்றால் புள்ளிச்சிக்கு உயிர். நாக்கு ருசி என்றாலும் உயிர்தான். வம்பு அங்கேதான் பிறந்தது.

காட்டைச் சுற்றிலும் கிளுவை வேலி. வெட்டி நட்ட கிளைப் போத்துகள் எல்லாம் வேர்விட்டு, கிளையும் முள்ளுமாகப் பின்னி வளர்ந்த உயிர்வேலி அது. பாம்புகூட யோசித்துத்தான் நுழையும். வெளியே ஒரு நரி அந்த வேலியைச் சுற்றிச் சுற்றியே கால் தேய்ந்து போயிருந்தது.

ஒருநாள் நரி வேலியோரம் உட்கார்ந்து பெருமூச்சு விட்டது.

"அம்மிணி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"உன்கூட எனக்கென்ன பேச்சு? போ அந்தப் பக்கம்!"

"போறனுங்க. இத்தனை ருசியை வேலியில வெச்சுக்கிட்டுக் காஞ்ச புல்லைக் கடிக்கறீங்களே, மனசு கேக்கல. அதான்!"

"வேலியில என்ன ருசி? இலையைத்தான் தெனமும் கடிக்கறனே!"

"இலையை எந்த ஆடும் திங்குமுங்க! தூருகிட்டப் பட்டையை உரிச்சுப் பாருங்க. தின்னவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்!"

நரி எந்தக் காலத்தில் பட்டை தின்றது என்று புள்ளிச்சி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நாக்கு முந்திக்கொண்டது.

பட்டையை உரித்துத் தின்றது. உண்மையிலேயே ருசிதான்! மறுநாளும் தின்றது. வேலியின் அடியில் குடியிருந்த கௌதாரி பதறிப்போய் ஓடி வந்தது.

"ஏனுங்கக்கா, என்ன வேலை பண்றீங்க! பட்டை போனாச் செடி பட்டுப் போயிருமே!"

"இத்தாம்பெரிய வேலி. நாலு போத்துப் பட்டுப்போனாக் குடியா முழுகிப் போகும்? உன் சோலியைப் பாரு!"

கௌதாரி அன்றே முட்டையிட வேறு இடம் தேடிப் போய்விட்டது. புள்ளிச்சிக்கு அப்போதும் உறைக்கவில்லை.

ஒரு மாதம் போனது. மூலையில் நான்கு போத்துகள் சுற்றிலும் பட்டை இழந்து காய்ந்தன. ஆனால் விழவில்லை. முள்ளோடு நின்றதால் பார்வைக்கு வேலி வேலியாகவே இருந்தது.

ஒரு மத்தியானம், ஆடுகளைக் காத்துவந்த காட்டுக்காரர் கிணற்றடிக்குக் கூழ் குடிக்கப் போனார். புள்ளிச்சி எதிர்க்கோடியில் மேய்ந்துகொண்டிருந்தது. படக்! படக்! ஏதோ முறியும் சத்தம். அடுத்து, "ம்மே!" என்று ஓர் அலறல்.

புள்ளிச்சி ஓடி வந்து பார்த்தது. நான்கு போத்துகளும் முறிந்து கிடந்தன. நரி உள்ளே நின்றது! அதன் கால் கருவாயனின் கழுத்தின் மேல் இருந்தது.

"ஐயோ! நீ எப்படி உள்ளே வந்தே? எந்தப் பாவி வேலியை முறிச்சான்?"

"நீங்கதானுங்க அம்மிணி!" என்று நரி சிரித்தது. "முள்வேலின்னாக் கரையான் அரிக்கட்டும்னு காத்திருப்பேன். பனைமட்டை வேலின்னா ஆடிக்காத்துல சாயட்டும்னு காத்திருப்பேன். உயிர்வேலி மட்டும் எதுக்கும் மசியலீங்க. அதுக்கு உள்ளேயே ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு! வேலி பயிரை மேஞ்ச கதை ஊருக்கே தெரியும். பயிரே வேலியை மேஞ்சதை இங்கதான் பாக்கறேன்!"

புள்ளிச்சி முட்டித் தள்ளியிருக்கலாம். ஆனால் அதிர்ச்சியில் நான்கு கால்களும் தரையோடு ஒட்டிக்கொண்டன. அந்த நொடியில் நரி கருவாயனைக் கவ்விக்கொண்டு சந்து வழியே பாய்ந்து மறைந்தது.

"அம்மா, அண்ணன் எங்கே?" என்று வெள்ளைக்காலி ஓடி வந்தது.

அப்போதுதான் புள்ளிச்சிக்கு உணர்வு வந்தது. குட்டியைப் பின்னால் தள்ளிவிட்டு, முறிந்த சந்தில் தன் உடம்பையே அடைத்து நின்றது. முள் விலாவில் ஏறியது. அது அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் நரி வாயை நக்கிக்கொண்டே திரும்பி வந்தது.

"அம்மிணி, சின்னது எங்கீங்க?"

புள்ளிச்சி கொம்பைத் தாழ்த்தியது. அதற்குள் காட்டுக்காரர் கத்திக்கொண்டு தடியோடு ஓடி வரவே, நரி ஓட்டம் பிடித்தது.

அன்று மாலையே அவர் வேலி முறிந்த இடத்தை முள் வெட்டிப் போட்டு அடைத்தார். மழை பெய்ததும் புதுப் போத்துகளை நட்டார். அவை வேர் பிடிக்கும்வரை புள்ளிச்சி அந்த மூலையைவிட்டு நகரவே இல்லை. ஒருநாள் இளங்கொழுந்து ஒன்று அதன் மூக்கில் வந்து உரசியது. வெள்ளைக்காலி ஆசையாக வாயைக் கொண்டுபோனது.

"கடிக்காதே! அது உன் அண்ணன் உசுரு!" என்று புள்ளிச்சி அலறியது.

நம்மைக் காத்து நிற்பதை நாமே கொறித்துத் தின்றால், பகைவனுக்கு வழி திறந்துவிட வேறு ஆள் தேவையில்லை.