வாசல் பெஞ்சில் முதலாளி

அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனை, சிகிச்சை அறையில் உதவியாளராக இருந்தவள் மலர்க்கொடி. ஒருநாள் அரிசி ஆலை முதலாளி தண்டபாணி விறைப்பாக வந்து நின்றார்.

"எங்க லோடுமேன் சகாயம் இங்க மாத்திரை வாங்குறானா? ஆமான்னா வேலையை விட்டுத் தூக்கணும்."

"அதைச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்குங்கய்யா."

"சட்டமெல்லாம் எனக்கா? நீ சொல்லாம நான் போகமாட்டேன்."

"அப்ப உட்காருங்க" என்று வாசல் பெஞ்சைக் காட்டினாள்.

சற்று நேரத்தில் சர்க்கரை மாத்திரை வாங்க வந்த அவருடைய சம்பந்தி அந்த வழியே போனார். பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தார், அறையின் பெயர்ப்பலகையையும் பார்த்தார், சட்டென்று நடையைக் கட்டினார்.

தண்டபாணி பதறி எழுந்தார். "நான் நோயாளி இல்லேன்னு அவர்கிட்ட நீயே சொல்லும்மா."

"யாரு எதுக்கு வந்தாங்கன்னு வெளிய சொல்ல எனக்கு அனுமதி இல்லீங்கய்யா" என்றாள் பணிவாக.

அவர் சம்பந்தியின் பின்னால் ஓடியதைப் பார்த்து மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்தது.

"யாரோ ஒருத்தர் கேட் வரைக்கும் வந்தாரும்மா, பெஞ்சுல முதலாளியைப் பார்த்ததும் திரும்பிட்டாரு" என்று வாட்ச்மேன் சொன்னபோது அந்தச் சிரிப்பு அடங்கியது. யாரென்று அவளுக்குத் தெரியும்; அன்று சகாயம் மாத்திரை வாங்க வரவேண்டிய நாள். போன் போட்டாள், சகாயம் எடுக்கவில்லை. மாத்திரைக்கு அவன் பிறகு வரவேயில்லை.

அந்த ஆளை வாசலில் உட்கார வைத்தது நான்தானே என்று அவள் இன்றும் வருந்துகிறாள்.