பலூன் துப்பாக்கி

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை விட்டுப்போய், அதைக் கேட்டுக்கொண்டு யாராவது துப்பாக்கியில் கை வைத்துவிட்டால்? அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

மாதா கோயில் திருவிழாவில் பலூன் சுடும் கடை போடுகிறவர் தொழிலை விட்டுவிட்டார். அவருடைய பழைய காற்றுத் துப்பாக்கியை என் வீட்டுக்காரர் பெர்க்மான்ஸ் வாங்கிவந்து பீரோ மேல் வைத்தார். குழல் முழுக்கத் துரு. கட்டை கறுத்துப் பிசுக்கேறிக் கிடந்தது. கூடவே ஒரு டப்பா ஈயக் குண்டு.

"வீட்ல எதுக்குங்க இது?"

"ஏட்டி, பலூனே இதுக்குப் பயப்படலை. நீ ஏன் பயப்படுற?"

எனக்குத் தூக்கம் போனது. எங்கள் தெருவில் ஜஸிந்தா டீச்சர் இருக்கிறார். பெண்பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுத் தருகிறவர். என்னைவிட வயதில் சின்னவர். எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி அவரிடம் எடுத்துப்போனேன்.

"கடல்ல போட்டுடலாமா டீச்சர்?"

அவர் குழலை மடக்கித் திறந்து உள்ளே பார்த்தார். திறந்தபடியே என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் பாருங்கக்கா."

"நீங்கதான் பார்த்துட்டீங்களே."

"அது நான் பார்த்தது."

பார்த்தேன். காலியாக இருந்தது.

"இதைச் சரி பண்ணிப் பார்ப்போம்," என்றார்.

மழைக்காலம் முழுக்க ஞாயிறு மதியங்களில் அவர் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். ஸ்பிரிங்கை அவர் மட்டும்தான் தொட்டார். வெளித்துருவை எண்ணெய் விட்டுத் தேய்ப்பதும், கட்டைக்கு உப்புத்தாள் போடுவதும் என் வேலை. பிசுக்கு போய் மரத்தின் வரி தேன் நிறத்தில் தெரிந்த அன்று, வீட்டில் உலை வைக்க வேண்டும் என்பதே மறந்துபோனது. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன்பிறகு நானாகத் தொடங்கி முழுசாக முடித்தது இது ஒன்றுதான்.

"கொண்டு போங்க. இனி உங்களோடது," என்றார் டீச்சர்.

வீட்டில்தான் சிக்கல். காலியா என்று திறந்து பார்ப்பேன். மூடுவேன். அடுப்படிக்குப் போனதும் சந்தேகம் வரும். மீன் கழுவிய கையோடு ஓடிவந்து மறுபடி திறப்பேன்.

"அடிக்கடி போய்ப் பார்க்கியே, முட்டை கிட்டை இடுதா?" என்றார் வீட்டுக்காரர்.

குழம்பு அடிப்பிடித்தது. துணி திடீர் மழையில் நனைந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு குண்டு டப்பாவோடு சேர்த்து மறுபடி சாக்கில் சுற்றினேன்.

"நீங்களே வச்சுக்கோங்க டீச்சர். என்னால முடியலை."

"ஆசையா பண்ணினீங்களே."

"ஆசைதான். விட மனசில்லை. ஆனா பயம் போகலையே."

"திறந்தா உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை."

"அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப?"

"போன தடவை சரியாப் பார்த்தேனான்னு தெரியலை."

டீச்சர் துப்பாக்கியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். நானும் பார்த்துத் திருப்பித் தந்தேன். அவர் அதன்மேல் சாக்கைப் போட்டு மூடினார்.

"குழலுக்குள்ள கோடு எந்தப் பக்கமா சுத்துது?"

"கோடா?"

"உள்ள கோடு இருக்குல்ல."

"நான் குண்டு இருக்கான்னுதான் டீச்சர் பார்ப்பேன்."

அவர் சாக்கை விலக்கி, திறந்த துப்பாக்கியை மறுபடி நீட்டினார்.

வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பினேன். குழலுக்குள் வட்டமாக வெளிச்சம். அதைச் சுற்றி மெல்லிய கோடுகள், சங்குக்குள் போகிற வழிபோல வளைந்து வளைந்து போயின. இத்தனை மாதம் என் கையிலேயே இருந்திருக்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ.

"வலது பக்கமா சுத்துது டீச்சர். அந்தக் கடைசியில பொட்டு மாதிரி ஒரு துரு இருக்கு."

"குண்டு இருந்ததா?"

திகைத்துப்போனேன். குண்டைத் தேடவே மறந்திருந்தேன். ஆனால் அந்தக் குழல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கண்ணுக்குள் அப்படியே இருந்தது.

"இல்லை," என்றேன்.

"இன்னொரு தடவை பார்க்கணுமா?"

என் கை அசையவில்லை.

"வேண்டாம்."

"அப்போ கொண்டு போங்க. அந்தப் பொட்டை எடுக்கணும்."

துப்பாக்கியையும் டப்பாவையும் சுற்றிக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்தேன். சாக்குக்குள் கைவிட்டு ஈயக் குண்டு டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது மட்டும் உங்க வீட்ல இருக்கட்டும் டீச்சர்."

"பயமாக்கா?"

"பயம்தான்."

டீச்சர் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"ஞாயித்துக்கிழமை துப்பாக்கியோட வாங்க," என்றார். "சுட்டுப் பார்ப்போம்."