புகையிலையின் கொண்டை

அந்தக் காலத்தில், மாடும் மரமும் மனுசரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் காலை மயிலாயியின் தொழுவத்தில் இருந்தவர்கள் இவர்கள்: மாட்டு வைத்தியம் பார்க்கும் மயிலாயி, அவளுடைய செவலைக் காளை, கொம்பில்லாததால் மோழை என்று பெயர் பெற்ற வெள்ளாடு, வாசலில் வேம்பு, வேலியோரம் நொச்சி, எருக்குழி மேட்டில் குப்பைமேனி. ஆக ஆறு பேர். கிணற்றடியில் புகையிலையும் நின்றது. கப்பல்காரர் பையிலிருந்து சிந்திய விதையில் முளைத்த செடி. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

செவலையின் கழுத்தில் நுகத்தடி உரசிப் புண்ணாகி, புண்ணில் புழு வைத்துவிட்டது. மயிலாயி வேப்பங்கொழுந்தை அரைத்துக் கழுவினாள். நொச்சியை வதக்கி ஒற்றினாள். குப்பைமேனியை மஞ்சளோடு இடித்து அடைத்தாள். புழு வெளியே வரவில்லை. இன்னும் உள்ளே போனது.

"ஆத்தா, எலும்புக்கிட்ட நடக்குது" என்றது செவலை. அது கதறவில்லை. கதறாததுதான் மயிலாயிக்குப் பயமாக இருந்தது.

"பொறுத்துக்க கண்ணு."

"பொறுத்துக்குவேன். அதுங்க பொறுக்கலையே."

அப்போது கிணற்றடியிலிருந்து குரல் வந்தது. "என்னை ஒருக்கா அரைச்சுப் பாரு, ஆத்தா."

"நேத்து முளைச்சதுக்குப் பேச்சைப் பாரு" என்றது வேம்பு.

"என்னைக் கடிச்ச புழு அடுத்த இலைக்குப் போனதில்லை. பொய்யின்னா சொல்லுங்க."

புகையிலையின் காலடியில் செத்த புழுக்கள் கிடப்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ஆனால் அந்த வீட்டில் ஒரு கட்டு இருந்தது. எந்தத் தழையானாலும் முதலில் மோழை தின்ன வேண்டும். தின்று, அசைபோட்டு, எழுந்து நடந்தால்தான் அது அம்மியில் ஏறும். மோழைக்கு அதில் பெருமை உண்டு. வேம்புகூடத் தன் வாய்வழியாக வந்ததுதான் என்று அடிக்கடி சொல்லிக் காட்டும்.

மோழை போய் முகர்ந்து பார்த்தது. மூக்கைச் சுளித்தது.

"தொண்டையைப் பிடிக்கிற நாத்தம். எனக்கு வேண்டாம்."

கட்டுப்படி பேச்சு அத்தோடு முடிந்தது. மயிலாயி காளையின் பக்கம் திரும்பினாள். அதன் கண்ணிலிருந்து நீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு சூடாக வந்தது.

அந்த இடைவெளியில்தான் புகையிலை அந்தக் காரியத்தைச் செய்தது. உச்சிக் கொண்டையில் பூவுக்குள் இருந்த தேனையெல்லாம் இலைமேல் வழியவிட்டது. கிணற்றடி முழுக்க வாசனை எழுந்தது. போன மோழை திரும்பி வந்தது. ஒரு நக்கு நக்கியது. பிறகு இரண்டு இலைகளை முழுசாகத் தின்றது.

அசைபோடவில்லை. முன்கால் மடங்கியது. வாயில் நுரை தள்ளியது.

மயிலாயி மோர்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மோழையின் தலையை மடியில் வைத்து வாயைப் பிளந்து ஊற்றினாள். ஊற்றியபடியே புகையிலையைக் கேட்டாள்.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"பனிக்காலத்துல ஒரு முயல் வந்து கடிச்சது. வாய்க்காலைத் தாண்டலை."

"புழு செத்ததைச் சொன்னியே. முயல் செத்ததை எங்கே வச்சிருந்த?"

"சொன்னா மோழை தின்னாது. தின்னலைன்னா நீ அரைக்க மாட்டே. செவலை போயிடும்."

"செவலைக்காகவா மறைச்சே?"

"உன் மருந்துப்பையில எனக்கும் ஒரு இடம் வேணும்னு இருந்தது" என்றது புகையிலை.

"வேரோட பிடுங்கி எறி" என்றது வேம்பு. மயிலாயி எழுந்து போய்த் தண்டைப் பிடித்தாள். பின்னால் தொப்பென்று சத்தம். செவலை விழுந்துவிட்டது.

அவள் கை தண்டிலேயே இருந்தது. மோழை எழுந்து நடக்கவில்லை. கட்டுப்பாட்டை மீறி அவள் ஒரு தழையையும் அரைத்ததில்லை. மீறாவிட்டால் காளை இல்லை. அவள் பிடியைத் தளர்த்தி நான்கு இலைகளை ஒடித்தாள். அம்மியில் வைத்து அரைத்தாள். சாற்றைப் புண்ணில் பிழிந்துவிட்டு, வழிவதைச் செவலை நக்காதபடி மூக்கணாங்கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு புழு விழுந்தது. பிறகு கொத்தாக விழுந்தன.

பொழுது சாயும்போது செவலை கால் ஊன்றி நின்றது. மோழையும் தள்ளாடி எழுந்தது. முதல் காரியமாகக் கிணற்றடிக்கு முதுகைக் காட்டி நின்றது.

"இனி என் நாக்குதான் தராசுன்னு சொல்லாதே, ஆத்தா. என் வயித்துக்கு ஆகாதது அவன் கழுத்துக்கு ஆயிருக்கு."

மயிலாயி புகையிலையிடம் போனாள்.

"பையில இடம் உண்டு. மத்த தழைங்களோட இல்லை, தனி முடிச்சு. புண்ணுக்கு மேலே மட்டும். எந்த வயித்துக்குள்ளேயும் நீ போகக்கூடாது."

"சரி, ஆத்தா."

"ஏமாத்தினது இந்தத் தலை. இது இருக்கக்கூடாது." கொண்டையைப் பூவோடு கிள்ளி எறிந்தாள். வழிந்த தேன் அவள் விரலில் ஒட்டியது. கழுவியும் போகவில்லை.

அன்று முதல்தான் புகையிலைக் காட்டில் ஆடு வாய் வைப்பதில்லை. வைத்தியர் பையில் அது தனி முடிச்சாக இருக்கிறது. பூ விரியுமுன் குடியானவர் அதன் கொண்டையைக் கிள்ளுகிறார்கள், கிள்ளிய கையில் பிசின் ஒட்டிக்கொள்கிறது. காலையில் அந்தச் செடியில் இருந்த இலைகள் பதினெட்டு. மோழை தின்றது இரண்டு, அம்மியில் அரைத்தது நான்கு. மயிலாயி கிள்ளி முடித்தபோது மீதி நின்றவை பன்னிரண்டு.