முன்பாதி சொல்கிறவர்

"எனக்கு செபம் நின்னுபோச்சு" என்றாள் கொர்னேலியா.

சிஸ்டர் ஜெசிந்தா தலை நிமிரவில்லை. பூசைக்கான அப்பங்களை வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்போ இருந்து?"

"ஏழு மாசமா."

இருவருக்கும் ஐம்பத்து மூன்று வயது. இதே மடத்துப் பள்ளியில் ஒன்பது வருஷம் ஒரே பெஞ்சு. ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டு இரண்டு தெரு தள்ளிப் போனாள். இன்னொருத்தி முற்றத்தைத் தாண்டி மடத்துக்குள் போனாள். தூரம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஜெசிந்தா வெட்டியது போக மிஞ்சிய ஓரங்களைக் கையால் கூட்டி அவள் பக்கம் தள்ளினாள். அந்தக் காலத்தில் சனிக்கிழமைதோறும் இந்த ஓரங்களைப் பாவாடையில் ஏந்தி வாங்கித் தின்றவர்கள். ருசி என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் அடிதடி நடக்கும்.

கொர்னேலியா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

பங்குச் சாமியாரிடம் போனதைச் சொன்னாள். பரலோக மந்திரம் இயேசு ஆண்டவரே சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த செபம், எல்லாச் செபத்துக்கும் இதுதான் மாதிரி, இதில் ஏழு மன்றாட்டு இருக்கிறது என்று முக்கால் மணி நேரம் விளக்கினாராம். நான்காவது மன்றாட்டில் இவளுக்கு அடுப்பில் வைத்துவிட்டு வந்த பருப்பு ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டாள்.

"சொல்லு, கேப்போம்" என்றாள் ஜெசிந்தா.

கொர்னேலியா கண்ணை மூடினாள்.

"எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று..."

"முன்பாதி எங்கே?"

"அது எங்க வீட்டுல அவர் சொல்றது."

செபமாலை சொல்கிற வீட்டில் பரலோக மந்திரத்தை யாரும் தனியாக முழுசாய்ச் சொல்வதில்லை. ஒருவர் தொடங்கி, 'பூலோகத்திலும் செய்யப்படுவதாக' என்று பாதியில் நிறுத்துவார். மற்றவர்கள் 'எங்கள் அனுதின உணவை' என்று பிடித்துக்கொண்டு ஆமென் வரைக்கும் போவார்கள். பள்ளிக்கூடத்துச் சின்னக் கோயிலிலும் அப்படித்தான். வலது பக்கத்துப் பெஞ்சுகள் முன்பாதி, இடது பக்கம் பின்பாதி. இவர்கள் இருவரும் இடது பக்கம். அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே சமையல்கட்டு. உணவைக் கேட்கிற நேரத்துக்குச் சரியாகச் சாம்பார் வாசனை வரும்.

கல்யாணமான பிறகும் கொர்னேலியாவுக்குப் பின்பாதிதான். சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் கணவர் தனிஸ்லாஸ், சாமி படத்தின் முன்னால் நின்று தொடங்குவார். இவள் அடுக்களையிலிருந்தே முடிப்பாள். கடுகு வெடிக்கிற சத்தத்தில் பாவங்களைப் பொறுக்கச் சொல்லிக் கேட்பாள். ஆமென் சொன்ன கையோடு, தயிர் தீர்ந்துபோச்சு என்று சேர்த்துச் சொன்ன நாளும் உண்டு. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு செபமாலையின் அடுத்த மணிக்குப் போவார்.

இருபத்தெட்டு வருஷம்.

ஏழு மாசத்துக்கு முன்னால் ஒருநாள், துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன மனுஷன் தன் காலால் இறங்கி வரவில்லை.

"ரெண்டு பாதியையும் நீயே சொல்லேன்."

"சொல்லாமலா இருப்பேன்? நாமம் வருது. இராச்சியம் வருது. 'உம்முடைய சித்தம்'னு வர்ற இடத்துல நாக்கு நின்னுடுது."

ஜெசிந்தா இன்னொரு வட்டத்தை வெட்டினாள்.

"இத்தனை வருஷமா நான் சோறுதான்டி கேட்டேன். பூசையில கும்பலோட சேர்ந்து சொன்னதைத் தவிர, அந்த வரியை ஒருநாளும் தனியா என் வாயால சொன்னதில்லை. மாடியில நடந்ததுதான் சித்தம்னா, அது ஆகட்டும்னு நானே எப்படிச் சொல்றது? இப்படி நடுவழியில நிக்கவா ஆண்டவர் சொல்லிக்கொடுத்தார்? எதுக்கு இந்த செபம்? நீ சொல்லு. சொல்லத் தெரியலேன்னா அதையும் சொல்லிடு. செபமாலையை பீரோவில வச்சுப் பூட்டிட்டு இத்தோட முடிச்சுக்கறேன்."

ஜெசிந்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"வா."

முற்றத்துக்கு அந்தப் பக்கம், வயதான சிஸ்டர்கள் இருக்கும் கூடம். கடைசிக் கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்து ஒரு சின்ன உருவம் உட்கார்ந்திருந்தது.

கொர்னேலியா நின்றுவிட்டாள்.

சிஸ்டர் அன்சில்லா. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. அவர் நடந்து வருகிற செருப்புச் சத்தத்துக்கே தாழ்வாரம் அடங்கும். செபத்தை வேகமாய் ஒப்பித்ததற்காக, எந்த ரயிலைப் பிடிக்கப் போகிறாய் என்று கேட்டு, கொர்னேலியாவை ஒரு பீரியட் முழுக்க வெளியே நிறுத்தியவர். அந்த ஆளா இது? ஒரு கைக்குட்டைக்குள் மடித்து வைத்துவிடலாம் போல் இருந்தார்.

இப்போது யாரையும் தெரியாது என்றாள் ஜெசிந்தா. பெயர், ஊர், கிழமை எல்லாம் போய்விட்டது. ஒன்று மட்டும் போகவில்லை. பக்கத்தில் யாராவது முன்பாதி சொல்ல வேண்டும், இவர் பின்பாதி சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சாப்பிட வாயைத் திறக்க மாட்டார். நேற்று புதிதாய் வந்த சிஸ்டர் ஒருத்தி விஷயம் தெரியாமல் கஞ்சியை நீட்டியிருக்கிறாள். கிண்ணம் கூடத்தின் நடுவில் போய் விழுந்ததாம்.

ஜெசிந்தா கஞ்சிக் கிண்ணத்தையும் ஸ்பூனையும் கொர்னேலியாவின் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு நீ சொல்லு."

"நீ இருக்கியே."

"எனக்குத் தொண்டை சரியில்லை."

மடத்தில் இருந்துகொண்டு கூசாமல் பொய்.

கொர்னேலியா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அன்சில்லா அவள் வாயையே பார்த்தார்.

"பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினாள். நாமம் வந்தது. இராச்சியம் வந்தது.

நின்றது.

அன்சில்லா காத்திருந்தார். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிற அதே பார்வை. பாதிப் பதிலோடு யாரையும் உட்காரவிட்டவர் இல்லை.

கொர்னேலியா ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அடுத்த கட்டிலில் ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்திருந்த போர்வை.

கஞ்சியின் மேல் மெல்லிசாய் ஏடு படிந்தது. கிழவியின் கழுத்து நரம்பு ஒருமுறை ஏறி இறங்கியது. பசி.

"உம்முடைய சித்தம்..."

கனமான பீரோவைத் தனி ஆளாய் நகர்த்துகிறவளின் குரல் அது.

"...பரலோகத்தில் செய்யப்படுவதுபோல, பூலோகத்திலும் செய்யப்படுவதாக."

"எங்கள் அனுதின உணவை" என்றார் அன்சில்லா உடனே.

ஒவ்வொரு சொல்லாக, எந்த ரயிலையும் பிடிக்கிற அவசரமில்லாமல் சொன்னார். கொர்னேலியா வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பாதியைத் தானும் கூடச் சொல்லாமல் அவள் கேட்பது அன்றுதான் முதல் தடவை. ஒருவர் தொடங்கிக் கொடுத்த இடத்தில் இன்னொரு குரல் வந்து பிடித்துக்கொள்கிறது.

சாயங்காலம் ஏழு மணிக்குப் படத்தின் முன்னால் நின்ற அவருக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும்.

ஆமென் சொல்லிவிட்டு அன்சில்லா வாயைத் திறந்தார். குருவிக் குஞ்சு மாதிரி.

கொர்னேலியாவுக்குக் கண்ணீர் மறைத்தது. நீ இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லையே என்று ஜெசிந்தாவிடம் கேட்க வாயெடுத்தாள்.

"கஞ்சி ஆறுது" என்றாள் ஜெசிந்தா.